நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வடகடலில் இறங்கினேன்

எனக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. பெற்றது ஆறு பேரை. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. அந்த ஐந்து பேரைப் பற்றி யார் எங்கே கேட்டாலும் நிமிர்ந்து நின்று பதில் சொல்வேன். மிச்சம் ஒருவனைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை எழுதவில்லை. இந்த வாரம் எழுதிவிடுவேன். அதற்கு முன்னால் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நார்வே நாட்டின் வடகோடியில் ஒரு தீவு. வெள்ளை மணல். மணலுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு கறுப்பு மலை, அதன் தலையில் மட்டும் பனி. கரையில் நாலைந்து செம்மறி ஆடுகள் கடற்பாசியை மேய்ந்துகொண்டிருந்தன. காற்று காதுக்குள் புகுந்து மறுகாது வழியாகப் போனது.

நான் தலைமுதல் கால்வரை தடித்த கறுப்பு ரப்பர் உடுப்புக்குள் இருந்தேன். பத்தடி தள்ளி என் மூத்த மகன் ராசேந்திரன், நான் அவிழ்த்துக் கொடுத்த சுங்குடிச் சேலையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். என் கடைசி மகள் வளர்மதி முழங்கால் தண்ணீரில் நின்று, ஆளைவிட நீளமான ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. திரும்பி வந்துடு" என்றான் ராசேந்திரன்.

"நீ சேலைய நனைச்சுடாத" என்றேன்.

அப்போது எனக்கு அறுபத்தேழு வயது. பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் நட்டு, களையெடுத்து, தாள் அறுத்துத் தேய்ந்த கை இது. அந்தக் கையோடு நான் எப்படி அந்தக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

போட்டோ வந்த நாள்

நாகப்பட்டினத்துப் பக்கம் கடல் ஊருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோன மார்கழி முடிந்து, தை பிறந்து பத்து நாள் இருக்கும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அரிசியும் பழைய துணியும் மூட்டை கட்டி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தோம். கடல் என்ற பேச்சை எடுத்தாலே எல்லோரும் உச்சுக்கொட்டிய நேரம்.

அந்த நேரம் பார்த்து வளர்மதியிடமிருந்து கவர் வந்தது. உள்ளே ஒரு போட்டோ. பாசி பிடித்த கிணற்றுச் சுவர் மாதிரி கரும்பச்சையாக ஓர் அலை எழுந்து நிற்கிறது. அதன் நடுவயிற்றில் கறுப்பாக ஓர் உருவம், ஒரு பலகைமேல் நிற்கிறது. பின்னால் மலையெல்லாம் பனி. போட்டோவின் முதுகில் எழுதியிருந்தாள்: 'அம்மா, இது நான்தான்.'

ராசேந்திரன் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டான்.

"இங்க பொணத்தத் தேடி இன்னும் முடியல. இவ அங்க அலைமேல ஏறி நிக்கிறா. படிக்க அனுப்பினோமா, சாவ அனுப்பினோமா?"

நான் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். முகம் தெரியவில்லை. முழங்கால் தெரிந்தது. இரண்டு முழங்காலையும் அளவாக மடக்கி, பயமில்லாமல் நின்றாள். என் பிள்ளைதான். சந்தேகமே இல்லை.

பக்கத்து வீட்டுச் சரோசா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஒம் மவ சைக்கிள் விடற மாதிரி கடல்ல விடறாளாமே?"

"ஆமா. ஒம் மவளுக்கு சைக்கிளாவது விடத் தெரியுமாடி?" என்றேன். அப்புறம் ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

கல்லுக்குள் கடல்

வளர்மதிக்குக் கடல்பித்து பிடித்தது கடற்கரையில் இல்லை. அரியலூரில்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அழைத்துப்போனார்கள். மற்ற பிள்ளைகள் பொரி உருண்டை வாங்கி வந்தார்கள். இவள் மடியில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு வந்தாள். நத்தை சுருண்டு படுத்த மாதிரி கல். சாத்தனூரில் மரம் கல்லாகிக் கிடப்பது நான் பார்த்ததுதான். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் கல்நத்தை அதுதான் முதல் தடவை.

"அம்மா, பல கோடி வருஷத்துக்கு முந்தி இங்கெல்லாம் கடலாம். நாம கடலோட அடியில குடியிருக்கோம்மா."

"அப்ப கூரைமேல கப்பல் போயிருக்குமா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள்.

அந்தக் கல்லிலிருந்து கிளம்பியவள்தான். திருச்சியில் மண்ணும் கல்லும் படித்தாள். அவளைக் காலேஜில் சேர்க்கக் கூடவே போனது, விடுதிக்குப் பெட்டி தூக்கியது, அப்பா இல்லாத குறைக்குக் கையெழுத்துப் போட்டது எல்லாம் ராசேந்திரன். அதை மறைக்கக் கூடாது. பிறகு உதவித்தொகை கிடைத்து நார்வேக்குப் போனாள். வடகடலின் அடியிலிருந்து சேற்றைத் தோண்டியெடுத்து, அது எந்தக் காலத்துச் சேறு என்று சொல்வது அவள் வேலை. ஊரில் "ஒம் மவ டாக்டராமே?" என்று கேட்பார்கள். "ஆமா, சேத்துக்கு டாக்டர்" என்பேன்.

'எறங்கலாம்'

எங்கள் கிணறுகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் விளங்காது.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கிணறு பாறையில் வெடி வைத்து எடுத்தது. அறுபதடி, எழுபதடி இருக்கும். மழைக்குப் பிறகு தண்ணீர் மேலேறி நிற்கும்போது பார்த்தால் கண்ணாடி. அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. கல் சரிந்திருக்கும், முள் விழுந்திருக்கும், உடைந்த குழாய் குத்திட்டு நிற்கும்.

என் பிள்ளைகளுக்கு நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். நான் இறங்கிப் பார்க்காத தண்ணீரில் என் பிள்ளை இறங்கக் கூடாது.

நான் பிறந்தது அரியலூருக்குத் தெற்கே, கொள்ளிடக் கரை. நடக்கப் பழகும்போதே நீந்தவும் பழகினவள். குளிர் எலும்பில் ஏறாமலிருக்க உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வேன். சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு முதலில் நான் குதிப்பேன். மூச்சடக்கி அடிவரை போய் நாலு மூலையும் கையால் தடவிப் பார்ப்பேன். மேலே வந்து குரல் கொடுப்பேன்.

"மேக்கால மூலையில கல்லு நீட்டிட்டிருக்கு. கெழக்கால குதிங்க. எறங்கலாம்!"

அந்த 'எறங்கலாம்' வரும்வரை நாலு பிள்ளைகளும் மேட்டில் வரிசையாக நிற்பார்கள். வந்ததும் தவளை மாதிரி விழுவார்கள். ஊரில் எனக்குத் 'தவளைக்காரி' என்று பேர். சொல்லிவிட்டுப் போகட்டும். என் கையில் நீச்சல் பழகிய நாலு பேருக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

நாலு பேர்தான். ராசேந்திரன் இறங்க மாட்டான். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவன் குளித்ததெல்லாம் வாளித் தண்ணீரில். நாங்கள் நீந்தும்போது எங்கள் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மேலே வருகிற தலைகளை எண்ணிக்கொண்டிருப்பான்.

இங்கா சொன்ன கதை

போட்டோ வந்த அந்த வருஷமே புரட்டாசியில் நாங்கள் இருவரும் கிளம்பினோம். வளர்மதிதான் டிக்கெட் அனுப்பினாள். அவள் வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ராசேந்திரனோ திருச்சியில் ஒரு காலேஜில் அவளுக்கு வாத்தியார் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தான். கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தான்.

"நீ ஒரு தடவ அழுதா போதும்மா. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான் விமானத்தில். நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீவில் வளர்மதி இருந்தது சிவப்புச் சாயம் அடித்த மரவீடு. வெளியே பந்தக்கால் நட்ட மாதிரி வரிசையாக மரச்சட்டங்கள். கல்யாணமா என்று கேட்டேன். மீன் காயப்போடும் சட்டமாம். மாசி பங்குனியில் தலையில்லாத மீன் லட்சக்கணக்கில் தொங்குமாம்.

அவளுடைய சிநேகிதி இங்கா என்று ஒரு பெண் இருந்தாள். மீன்பிடிக்கிற குடும்பம். நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம். வந்த மறுநாள் சாயங்காலம் நான் வைத்த வெங்காய சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, மூக்கில் நீர் வழிய ஒரு கதையை ஆரம்பித்தாள். இங்கிலீஷில் வெகுநேரம் பேசினாள். கையை மேலே தூக்கினாள், கண்ணைப் பொத்தினாள், தோளில் எதையோ சுமந்து நடந்து காட்டினாள்.

"என்னடி சொல்றா?" என்றேன் வளர்மதியிடம்.

"பனியில நடந்து போனோம், கடல்ல எறங்கினோம், வந்தோம்னு சொல்றாம்மா."

ராசேந்திரன் தட்டைத் தள்ளினான். "அவ கால் மணி நேரம் பேசறா. நீ மூணு வார்த்த சொல்ற. நான் சொல்றேன் கேளும்மா."

அவன் சொன்னான். குளிர்காலம். பகலில் ரெண்டு மூணு மணி நேரம் மங்கலாக வெளிச்சம் வந்தால் பெரிது. ரோடு கிடையாத ஒரு மலைக்கு அப்புறம் ஒரு குடாவில் நல்ல அலை எழும்புமாம். இருவரும் முதுகில் பலகையைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் பனியில் நடந்திருக்கிறார்கள். வெட்டவெளிக் காற்றில் நின்று உடுப்பு மாற்றியிருக்கிறார்கள். விரல் விறைத்துப்போக, பிளாஸ்க்கில் கொண்டுபோன வெந்நீரைக் கையுறைக்குள் ஊற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்களாம். இமைமயிரில் ஐஸ் கட்டியதாம். ஒரு அலை அடித்து உள்ளே புரட்டிவிட்டால் நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த மாதிரி வலிக்குமாம். கரையேறுவதற்குள் பனிப்புயல் வந்து வழியை மூடிவிட்டது. இரண்டு நாள் ஒரு மீனவர் குடிசையில் அடைந்து கிடந்து, கரையில் ஒதுங்கிய கட்டையை எரித்து, காய்ந்த மீனைத் தின்றிருக்கிறார்கள்.

"ரெண்டு நாள் எங்க இருந்தாளுன்னு யாருக்கும் தெரியாதும்மா!"

"சொல்லிட்டுத்தான் போனோம்ண்ணே" என்றாள் வளர்மதி.

"யார்கிட்ட?"

"இங்காவோட அம்மாகிட்ட."

"ஒன்னோட அம்மா யாருடி?"

இங்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, சாம்பாரைப் புகழ்ந்தாள்.

"பேசாத. மூட்டையக் கட்டு. என்னோட கெளம்பி வா" என்றான் ராசேந்திரன். "அம்மா, நீ சொல்லு. நீ சொல்றதுதான். நான் குறுக்க பேசல."

"ஆமாம்மா, நீ சொல்லு" என்றாள் அவளும். "நீ வேணாம்னா வந்துடறேன். அந்தக் கடல் பக்கம் திரும்பக்கூட மாட்டேன்."

ரெண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அழுவேன் என்று ஒருவன் காத்திருந்தான். திட்டுவேன் என்று ஒருத்தி காத்திருந்தாள்.

"அந்தத் தண்ணியில நான் எறங்கிப் பாத்தேனா?" என்று கேட்டேன்.

வளர்மதிக்கு உடனே புரிந்தது. "இல்லம்மா" என்றாள். "நீ எறங்கிப் பாக்காத தண்ணியில மூணு வருஷமா எறங்கிட்டிருக்கேன். அது ஒண்ணுதாம்மா எனக்குக் குத்தமா இருக்கு."

"அப்ப நாளைக்குக் காலையில பாப்போம். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

எண்ணெய்

இங்காவின் அம்மாவுக்கு என் வயது. அவளும் கடலில் குளிக்கிறவளாம். அவளுடைய ரப்பர் உடுப்பைக் கொடுத்தனுப்பியிருந்தாள். குளிரைத் தாங்க, மாட்டுச்சாணத்தைக் கனமாக மெழுகிய மாதிரி அத்தனை தடிப்பு.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊரிலிருந்து பொடியும் ஊறுகாயும் கட்டிய பையில் ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொண்டுபோயிருந்தேன். உச்சியில் மூன்று சொட்டு வைத்து, பாதம்வரை தேய்த்தேன். குளிர்ந்த தண்ணீரில் எண்ணெயில்லாமல் இறங்குகிறவள் அறிவு கெட்டவள். அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

மற்றவர்கள் அந்த உடுப்பைப் போட அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார்களாம். எனக்கு வழுக்கிக்கொண்டு ஏறியது. கதவைத் திறந்து வந்ததும் இங்கா ஆச்சரியப்பட்டுக் கைதட்டினாள். அப்புறம் மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மா, எண்ண தேச்சியா?" வளர்மதி தலையில் கைவைத்தாள்.

"தேய்க்காம?"

அவள் ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டாள். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கரையில் அவள் பலகையின் முதுகில் மெழுகுக் கட்டியை வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கையும் காலும் பலகையைப் பற்றிக்கொள்ள அந்த மெழுகாம். கையுறையை நீட்டினாள். வேண்டாம் என்றேன். கையை மூடிக்கொண்டு அடியை எப்படித் தடவிப் பார்ப்பது?

தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது ஒன்றும் தெரியவில்லை. இடுப்புக்கு வந்தபோது முதுகெலும்பு வழியாக ஒரு பாம்பு இறங்கியது. முகத்தில் பட்டபோது யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் உடுப்புக்குள் புகுந்த தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பானது. பரவாயில்லை என்று நினைத்தேன்.

"குப்புறப் படுத்துக்கம்மா. அலை வரும்போது நான் தள்ளிவிடறேன். கெட்டியாப் பிடிச்சுக்க."

படுத்தேன். பிடித்தேன். பலகை ஒரு பக்கம் போனது, நான் இன்னொரு பக்கம் போனேன். மறுபடி ஏறினேன். விலாங்கு மீன் மாதிரி வழுக்கி விழுந்தேன். எண்ணெய் என் உள்ளங்கையிலிருந்து பலகைக்குப் போய், அவள் தேய்த்த மெழுகெல்லாம் வீணாகிவிட்டது. இங்கா தண்ணீரில் நின்றபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வளர்மதியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, வாயில் உப்புத் தண்ணீர் புகுந்தது.

மூன்றாவது தடவை ஒரு நுரையலை என்னை அப்படியே புரட்டி உள்ளே தள்ளியது.

தள்ளியதும் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நான் வந்த வேலை அதுதானே. மூச்சடக்கினேன். உடுப்பு என்னை மேலே தூக்கப் பார்த்தது. ஒரு பாறையின் விளிம்பு கையில் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சுற்றிலும் தடவினேன். மணல், மணல், வழவழவென்று பாசி, மறுபடி மணல். கிணற்றில் எத்தனை நேரம் இருப்பேனோ அத்தனை நேரம் இருந்தேன். கரையிலிருந்து பார்க்கிற ஒருவனுக்கு அது எவ்வளவு நேரம் என்று நான் நினைக்கவில்லை.

மேலே என் தோளை யாரோ பிய்த்துவிடுகிற மாதிரி இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் ராசேந்திரன். பேன்ட், சட்டை, கம்பளிக் கோட்டு, ஷூ எல்லாவற்றோடும் நெஞ்சளவு தண்ணீரில் நிற்கிறான். முப்பத்தைந்து வருஷம் வாளித் தண்ணீரைத் தாண்டாதவன். உதடு நீலமாகிவிட்டது. என் சேலை அவன் கழுத்தைச் சுற்றி மிதந்தது.

"விடுடா, நல்லாத்தான் இருக்கேன்."

அவன் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். "எறங்க வேணாம்னு அன்னிக்கும் சொன்னேன்ல! அன்னிக்கும் சொன்னேன்லம்மா!"

"என்னிக்குண்ணே?" என்றாள் வளர்மதி.

அவனும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

என் அலை

நான் அவளைப் பார்த்துத்தான் பேசினேன். "கெழக்கால ஒரு பாறை இருக்கு. மத்ததெல்லாம் மணலு. தண்ணி வடக்குப் பக்கமா இழுக்குது."

"தெரியும்மா" என்றாள். "அந்தப் பாறை இருக்கறதாலதான் அலை அங்க எழும்புது. இழுக்கற தண்ணியிலதான் நாங்க வெளிய போவோம், கைவலிக்காது. அதுக்குத் தெக்கால திரும்பி அலை ஏறுவோம். காத்து மாறினா எறங்க மாட்டோம்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. நான் கையால் தடவித் தெரிந்துகொண்டதை அவள் மேலேயிருந்தே தெரிந்துவைத்திருந்தாள். என் வாழ்நாளில் நான் இறங்கிப் பார்க்கும் முன்பே அடி தெரிந்த பிள்ளை அவள் ஒருத்திதான்.

கரைக்கு வந்து, மணலை அள்ளி என் கையையும் மார்பையும் பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்துவிட்டாள். பலகைக்குப் புது மெழுகு போட்டாள். இங்கா ராசேந்திரனைக் காருக்குப் போகச் சொல்லித் துண்டை நீட்டினாள். "அம்மா கரைக்கு வந்தாத்தான் நான் வருவேன்" என்றான் தமிழில். அவளுக்கு எப்படிப் புரிந்ததோ, துண்டை அவன் தோளில் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள்.

இரண்டாம் தடவை பலகைக்கு ஒரு பக்கம் வளர்மதி, மறுபக்கம் ராசேந்திரன். முழங்கால் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு பலகையின் விளிம்பைப் பிடித்திருந்தான்.

"வருதும்மா" என்றாள்.

"வருதாடி? எங்க?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் பின்னாலிருந்து அலை வந்து தூக்கியது. இரண்டு பேரும் கையை விட்டார்கள். மாட்டு வண்டி இறக்கத்தில் ஓடுகிற மாதிரி ஓடியது. ஆனால் சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை. கறுப்பு மலை என்னை நோக்கி வந்தது. ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. மணலில் போய் மெத்தென்று நின்றேன்.

எழுந்து நிற்கவில்லை. படுத்தபடிதான் வந்தேன். அதை மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் செட்டிகுளத்திலிருந்து வடகடலில் அலை ஏறினது இதுவரை இரண்டே பேர். அதில் நான் ஒருத்தி.

திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் தங்கையும் தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணற்று மேட்டில் காத்திருக்கிற மாதிரி.

"எறங்கலாம்!" என்று கத்தினேன்.

வளர்மதி அங்கேயே அழுதாள். காரில் சூடாக்கியைப் போட்டு உட்கார்ந்தபோது, "மூணு வருஷந்தானே. இருந்துட்டு வரட்டும்" என்று ராசேந்திரனே சொன்னான். எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. பல்லைச் சாக்குச் சொல்கிறேன். பல் நின்ற பிறகும் சொல்லவில்லை.

செல்வம்

என் இரண்டாவது பிள்ளை பேர் செல்வம். ஒன்பது வயது.

அன்றைக்கு வீட்டில் வெங்காயம் குவிந்து கிடந்தது. கூலிக்கு ஆள் வரவில்லை. நான் தலை நிமிராமல் தாள் அறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காட்டில் புதிதாக வெட்டிய கிணற்றில் முதல் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது.

"அம்மா, புதுக் கெணத்துக்குப் போவட்டுமா?" என்று செல்வம் கேட்டான். மூன்று தடவை கேட்டான்.

ராசேந்திரன் பக்கத்தில் நின்றான். "வேணாம்மா. அது புதுசு. யாரும் எறங்கிப் பாக்கல" என்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொன்னது.

எனக்கு எரிச்சல். "சும்மா நொய்நொய்ங்காத. அண்ணங்கூடப் போயிட்டு வா" என்றேன். ராசேந்திரனைப் பார்த்து, "கூட்டிட்டுப் போடா, வேலை ஆவுதுல்ல" என்றேன். நான் எழுந்து போயிருந்தால் கால் நாழிகை வேலை. கொள்ளிடத்தில் பிறந்தவள் நான். போகவில்லை.

தண்ணீருக்கு அடியில், வெடி வைத்தபோது மிஞ்சிய பாறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. செல்வம் அதன்மேல் குதித்தான். ராசேந்திரன் பின்னாலேயே விழுந்து தேடியிருக்கிறான். அவனால் தூக்க முடியவில்லை.

'அண்ணங்காரன் கூட்டிட்டுப் போயி கொன்னுட்டான்' என்று ஊர் சொன்னது. அவன் அப்பா மாட்டுக்குப் போடும் சாட்டையை எடுத்து அவனை அடித்தார். அடி தாங்காமல் சுருண்டான். 'அம்மாதான் போகச் சொல்லுச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். அவன் சொல்லவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் என் சட்டம் வந்தது. தவளைக்காரி என்ற பேரும் வந்தது. ஊரெல்லாம் அதைப் பெருமையாகப் பேசும்போது அவன் கேட்டுக்கொண்டிருப்பான். முப்பத்தைந்து வருஷம் அவன் வாயைத் திறக்கவில்லை. வடகடலில் என்னைப் பிடித்து இழுத்த அன்று ஒரே ஒரு தடவை திறந்தான். அதையும் தங்கை கேட்டபோது மூடிக்கொண்டான்.

அலை ஏறின மகளைப் பற்றி ஊருக்குச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அவளைப் பற்றிய பெருமை எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் தாயைக் காட்டிக்கொடுக்காமல் அடி வாங்கின ஒரு பிள்ளையை நான் வளர்த்திருக்கிறேன். அதை ஊர் அறியவில்லை. இனி அறியட்டும். செல்வத்தைப் போகச் சொன்னது நான். வேண்டாம் என்று சொன்னது ராசேந்திரன்.

ஐம்பது வயதுக்கு மேல் சாயங்கால வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகினவள் நான். இதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. என் பேத்தி பவித்ரா, ராசேந்திரன் மகள், பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தாள். அனுப்புவதற்கு முன்னால் தப்பைத் திருத்துகிறேன் என்று இப்போது கையை நீட்டுகிறாள்.

திருத்த வேண்டாம் பாப்பா. முதலிலிருந்து வாசித்துக் காட்டு. உங்கப்பன் பின்கட்டில் வெங்காயம் சேர்த்துவைக்கிற பட்டறைக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருக்கிறான். அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். அவன் காதில் விழுகிற மாதிரி, சத்தமாக வாசி.